வெட்டுண்ட காலின் குரல்

தமிழ் நாடக வரலாறு எழுதப் புகுவோர் நொண்டி நாடகத்தைச் சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றாக எண்ணி, ‘திருந்திய திருடன் கதை’ என ஓரிரு தொடர்களில் கடந்துவிடுவது வழக்கம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் செழித்த இந்நாடகங்களை மனித உடலின் வரலாறாகவும் வாசித்தல் வேண்டும் என்பதே ஈண்டு என் கருத்து.

கதைப்போக்கு ஏறத்தாழ ஒன்றே. கணிகையிடம் பொருளிழந்தவன் குதிரை திருடப் புகுந்து பிடிபடுகிறான், உறுப்பு வெட்டப்படுகிறது, இறையருளால் அதனை மீளப் பெறுகிறான். திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் அருள்பவன் முருகன். சீதக்காதி நொண்டி நாடகத்திலோ, கீழக்கரை வள்ளலின் ஆதரவால் மக்கா செல்பவன் நலம் பெறுகிறான். சமயம் மாறினும் வெட்டுண்ட உடல் மாறவில்லை.

இது வெறுங் கற்பனையுமன்று. திருடர்க்குக் காதறுக்கும் தண்டனையை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு குறிக்கின்றது. அரசு தன் வலிமையைக் குற்றவாளியின் உடலில் ஊரறியக் காட்டிய முறையைப் பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பூக்கோ 1975இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். அதன்பின் ஷேக்ஸ்பியர் கால நாடகங்களில் உடல் பெறும் இடத்தை மேலைநாட்டார் நுணுகி ஆராயலாயினர். 1594இல் அச்சேறிய ‘டைட்டஸ் ஆண்ட்ரானிக்கஸ்’ நாடகத்தில் லவீனியாவின் கைகளும் நாவும் அறுக்கப்படுகின்றன. அவளால் பேச இயலாது. நம் நொண்டியோ தன் கதையைத் தானே பாடுகிறான்! பாரதியும் கையாண்ட நொண்டிச் சிந்து, இந்நாடகத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் யாப்பாகும்.

ஆகவே நீதியை மட்டும் தேடுவோர் காயத்தைக் காணத் தவறுகின்றனர். தண்டனையை மட்டும் தேடுவோர் குரலைக் கேளாது விடுகின்றனர்.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைகள் நிறைந்த நம் வட்டாரத்தில் இவ்வாய்வு ஏட்டளவில் நிற்பதன்று. என் மாணவி ஒருத்தியின் தந்தை, தகடு அழுத்தும் எந்திரத்தில் இரு விரல்களை இழந்தவர். இந்நாடகத்தை நடத்திய அன்று அவள் கேட்டாள்: “அம்மா, கடைசிவரை கால் வராமலே போயிருந்தால் இந்தக் கதையை யாராவது பாடியிருப்பார்களா?”

நான் சற்றுத் திகைத்தேன். பின்னர், “கால் வருவது இறுதியில்தானே அம்மா, அதுவரை அவை பார்ப்பதும் கேட்பதும் காலிழந்தவனைத்தான்” என்றேன். அவள் தலையசைத்தாள், எனினும் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. மீளாத விரல்களுக்கு இன்னும் நாடகம் எழுதப்படவில்லை. சிந்தின் நடையறிந்த நம் வட்டத்துக் கவிஞர்கள் முன் அவள் வினாவை வைக்கிறேன்.