ஃபேமிகாம், என்.ஈ.எஸ்.: வட்டார வடிவங்களின் வரலாறு

ஃபேமிகாம் என்பது ஜப்பானின் கியோட்டோ நகரைச் சேர்ந்த நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட 8 பிட் வீட்டு வீடியோ கேம் கருவி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது நிண்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம், சுருக்கமாக என்.ஈ.எஸ்., என்ற பெயரில் விற்கப்பட்டது. இதன் நகல்கள் ரஷ்யா, போலந்து, இந்தியா முதலிய நாடுகளில் வேறு பெயர்களில் பரவின. வட்டாரத்துக்கு வட்டாரம் கேசட்டின் முனைகள், பூட்டுச் சில்லு, கடிகார வேகம், ஒலி, மின் இணைப்பு எனப் பலவும் மாறின. தொலைக்காட்சி முறைகளின் வேறுபாடு, சந்தையின் நிலை, உரிமக் கட்டுப்பாடு ஆகிய மூன்றுமே இம்மாற்றங்களுக்கு முதன்மைக் காரணங்கள்.

ஜப்பானிய மூலம்

ஹிரோஷி யமாவுச்சி நிண்டெண்டோவின் தலைவராக இருந்தபோது, மசாயுகி உவெமுரா தலைமையிலான குழு இக்கருவியை உருவாக்கியது. 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் இது கடைக்கு வந்தது. தொடக்கத்தில் விற்ற கருவிகளில் சில்லுக் கோளாறு தெரியவந்ததால், நிண்டெண்டோ அவற்றைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்தது. முதல் கருவிகளின் கன்ட்ரோலர்களில் இருந்த சதுர ரப்பர் பொத்தான்கள் அழுத்தியபடியே சிக்கிக்கொண்டதால், பின்னர் வட்டமான பிளாஸ்டிக் பொத்தான்கள் பொருத்தப்பட்டன.

கருவியின் மூளை ரிக்கோ நிறுவனம் தயாரித்த 2ஏ03 செயலி. 6502 செயலியின் மையத்தோடு ஐந்து ஒலித் தடங்களையும் ஒரே சில்லில் சேர்த்த அமைப்பு இது. இதன் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். செயலிக்கு 2 கிலோபைட், படத்துக்கு 2 கிலோபைட் என நினைவகம் மிகச் சிறியது. 256 x 240 புள்ளிகள் கொண்ட படத்தை வரைவது 2சி02 என்ற தனிச் சில்லு.

சிவப்பும் வெள்ளையுமான பெட்டியின் மேற்புறத்தில் 60 முனைகள் கொண்ட கேசட் செருகப்பட்டது. இரண்டு கன்ட்ரோலர்களும் பெட்டியோடு நிலையாக இணைக்கப்பட்டிருந்தன. இரண்டாவது கன்ட்ரோலரில் ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் இல்லை. அவற்றுக்குப் பதிலாக ஒரு மைக் இருந்தது. முன்புறத்தில் துணைக் கருவிகளுக்காக 15 முனை இணைப்பு ஒன்றும் இருந்தது. படமும் ஒலியும் ஆன்டெனா வழியாகவே தொலைக்காட்சிக்குச் சென்றன. போலிக் கேசட்டுகளைத் தடுக்கும் பூட்டு எதுவும் இக்கருவியில் இல்லை. பிற்காலத்தில் ஆசியாவெங்கும் நகல்கள் பெருகியதற்கு இந்தத் திறந்த அமைப்பு முக்கியக் காரணம்.

1986 பிப்ரவரி 21 அன்று ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம் வெளிவந்தது. 112 கிலோபைட் கொள்ளும் இதன் காந்தத் தட்டுகளில், 500 யென் கொடுத்தால் கடையில் புது விளையாட்டை எழுதித் தந்தார்கள். ஒரு கூடுதல் ஒலித் தடமும் இதில் கிடைத்தது. இத்துணைக் கருவி ஜப்பானுக்கு வெளியே முறையாக விற்கப்படவில்லை.

அமெரிக்க வடிவம்

1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. தரமற்ற விளையாட்டுகளால் நொந்துபோன கடைக்காரர்கள் புதிதாக எதையும் வாங்கி அடுக்க மறுத்தார்கள். எனவே நிண்டெண்டோ தன் கருவியை விளையாட்டுப் பொருள் போலத் தோன்றாதபடி மாற்றியது. லான்ஸ் பார் வடிவமைத்த சாம்பல் நிறப் பெட்டியில், வி.சி.ஆரில் செருகுவதைப் போலக் கேசட்டை முன்பக்கமாகச் செருகிக் கீழே அழுத்த வேண்டும். ஆர்.ஓ.பி. என்ற சிறு ரோபோவும் ஜாப்பர் துப்பாக்கியும் உடன் விற்கப்பட்டன. 1985 அக்டோபரில் நியூயார்க்கில் சோதனை விற்பனை தொடங்கியது. 1986-இல் நாடு முழுவதும் பரவியது.

உள்ளே செயலியும் படச் சில்லும் ஜப்பானியக் கருவியில் இருந்தவையே. இரு நாடுகளும் என்.டி.எஸ்.சி. தொலைக்காட்சி முறையைப் பின்பற்றியதால் அவற்றை மாற்றத் தேவை எழவில்லை. கேசட்டின் முனைகள் மட்டும் 72 ஆயின. கூடுதல் முனைகளில் நான்கு, 10என்.ஈ.எஸ். என்ற பூட்டுச் சில்லுக்கு உரியவை. கருவியில் ஒரு சில்லும் கேசட்டில் அதன் இணைச் சில்லும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கருவி நொடிக்கு ஒருமுறை தன்னைத்தானே மீட்டமைத்துக்கொள்ளும். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். உரிமம் பெறாத நிறுவனங்களைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. அட்டாரி கேம்ஸ் நிறுவனம் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து இதன் நிரலைப் பெற்றுத் தானே ஒரு சில்லைச் செய்தபோது, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிண்டெண்டோவுக்குச் சாதகமான இடைக்காலத் தடையை உறுதிசெய்தது.

முன்பக்கச் செருகலால் ஒரு குறையும் வந்தது. கேசட்டை அழுத்தி அழுத்தி இணைப்பியின் முனைகள் தளர்ந்தன; தொடர்பு விட்டுப்போனால் பூட்டுச் சில்லும் குழம்பியது. பழைய என்.ஈ.எஸ். பெட்டிகளில் விளக்கு கண்சிமிட்டுவதற்கு மிகுதியும் இதுவே காரணம்.

ஒலியும் மைக்கும்

ஜப்பானிய கேசட்டில் இரண்டு முனைகள் ஒலிக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. கேசட்டுக்குள் இருக்கும் கூடுதல் ஒலிச் சில்லு, கருவியின் ஐந்து தடங்களோடு தன் ஒலியையும் கலக்க அது வழிசெய்தது. அமெரிக்க வடிவத்தில் இவ்வழி நீக்கப்பட்டது. கொனாமியின் 'அக்குமாஜோ டென்செட்சு' 1989-இல் ஜப்பானில் வந்தபோது, அதன் வி.ஆர்.சி.6 சில்லு மேலும் மூன்று தடங்களைச் சேர்த்துத் தந்தது. அதே விளையாட்டு 'காசில்வேனியா 3' என அமெரிக்காவுக்குச் சென்றபோது வேறு சில்லில் அமைக்கப்பட்டு, இசை ஐந்து தடங்களுக்குள் சுருங்கியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு வேறுபாடு உடனே புலப்படும்.

'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' ஜப்பானில் டிஸ்க் சிஸ்டத்தில் வந்தது. அதில் நீண்ட காதுகளுடன் வரும் ஒரு பகையை மைக்கில் கத்தி அழிக்கலாம். அமெரிக்கக் கன்ட்ரோலரில் மைக் இல்லை. ஆயினும் அங்கு வந்த கையேட்டில், அந்த உயிருக்குப் பெருஞ்சத்தம் பிடிக்காது என்ற குறிப்பு அப்படியே இருந்தது. இதனால் பலர் விளையாட்டில் வரும் புல்லாங்குழலை ஊதிப் பார்த்துப் பயனின்றித் தவித்தனர்.

ஐரோப்பாவும் 50 ஹெர்ட்ஸும்

1986, 1987 ஆண்டுகளில் கருவி ஐரோப்பாவுக்குச் சென்றது. அங்கு வழங்கிய பி.ஏ.எல். முறையில் நொடிக்கு 50 முறை படம் புதுப்பிக்கப்படும், என்.டி.எஸ்.சி.யில் ஏறத்தாழ 60 முறை. ஃபேமிகாமின் படச் சில்லே வண்ணத் தொலைக்காட்சிச் சைகையை நேரடியாக உருவாக்குவதால், வெளியே ஒரு மாற்றியைப் பொருத்தித் தப்பிக்க முடியவில்லை. சில்லையே புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அப்படி வந்தவை 2ஏ07 செயலியும் 2சி07 படச் சில்லும். செயலியின் வேகம் 1.66 மெகாஹெர்ட்ஸாகக் குறைந்தது. ஒரு படத்துக்கான வரிகள் 262-இலிருந்து 312 ஆயின.

திருத்தம் செய்யாமல் அப்படியே கொண்டுவரப்பட்ட விளையாட்டுகள் இதனால் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. சுருதியும் சற்றே இறங்கியது. படத்தின் மேலும் கீழும் கருப்புப் பட்டைகள் தெரிந்தன. 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' போன்ற சில விளையாட்டுகளில் மட்டும் ஓட்டத்தின் வேகம் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்பத் திருத்தப்பட்டது.

பி.ஏ.எல். நாடுகளுக்குள்ளும் பிரிவு உண்டு. பிரிட்டன், இத்தாலி, ஆஸ்திரேலியா ஆகியவை ஒரு பூட்டுச் சில்லைப் பெற்றன. ஐரோப்பாவின் பிற நாடுகள் மற்றொன்றைப் பெற்றன. ஒன்றின் கேசட் மற்றதில் ஓடாது. பிரான்ஸ் செக்காம் முறையைப் பின்பற்றியதால், அங்கு விற்ற கருவிக்குள் பி.ஏ.எல். சைகையை ஆர்.ஜி.பி.யாக மாற்றும் ஒரு பலகை பொருத்தப்பட்டது.

விளையாட்டின் உள்ளடக்கமும் மாறியது. 1988-இல் வந்த 'கான்ட்ரா'வின் ஜப்பானியக் கேசட்டில் கொனாமியின் தனிச் சில்லு இருந்ததால், பனி பெய்யும், மர இலைகள் அசையும். அமெரிக்கக் கேசட்டில் இவை இல்லை. ஐரோப்பாவில் 1990-இல் இது 'புரோபொடெக்டர்' என்ற பெயரில் வந்தபோது, வன்முறை குறித்த ஜெர்மானிய விதிகளை முன்னிட்டு வீரர்களுக்குப் பதில் ரோபோக்கள் வந்தன.

உரிமம் பெற்ற வடிவங்களும் நகல்களும்

ஜப்பானியப் பண்பாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குத் தடை இருந்த தென்கொரியாவில், ஹூண்டாய் நிறுவனம் 1989-இல் என்.ஈ.எஸ்.ஸை 'காம்பாய்' என்ற பெயரில் விற்றது. இந்தியாவில் அது 'சாமுராய்' என்ற வணிகப் பெயரில் கிடைத்தது.

அதிகாரபூர்வக் கருவிகள் எட்டாத இடங்களை நகல்கள் நிரப்பின. ரஷ்யாவில் ஸ்டீப்ளர் நிறுவனம் 1992 டிசம்பரில் 'டெண்டி'யை வெளியிட்டது. போலந்தில் 'பெகாசஸ்' பரவியது. பி.ஏ.எல். நாடுகளுக்குச் சென்ற பல நகல்களில் தைவானின் யு.எம்.சி. நிறுவனம் செய்த சில்லுகள் இருந்தன. இவற்றின் வடிவமைப்பில் நல்ல பொறியியல் திறன் உண்டு. படம் 50 ஹெர்ட்ஸில் வந்தாலும் செயலி 1.77 மெகாஹெர்ட்ஸில், அதாவது ஜப்பானிய வேகத்துக்கு மிக அருகில் ஓடியது. செயலிக்கும் படச் சில்லுக்கும் இடையிலான கால விகிதமும் ஜப்பானியக் கருவியில் உள்ளபடியே காக்கப்பட்டது. ஆகவே ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதப்பட்ட விளையாட்டுகள், நிண்டெண்டோவின் ஐரோப்பியக் கருவியை விட இந்நகல்களில் பிழை குறைவாக ஓடின. இசையின் சுருதி ஏறக்குறைய மாறவில்லை. ஆட்டத்தின் வேகம் மட்டும் குறைந்தது.

அப்போது இந்தியாவின் ஒளிபரப்பும் பி.ஏ.எல். முறையிலேயே இருந்தது. 1990-களில் தமிழ்நாட்டு வீடுகளில் 'டிவி கேம்' என்று அறியப்பட்டவை பெரும்பாலும் இவ்வகை நகல்கள்தாம். மைக்ரோ ஜீனியஸ், மீடியா போன்ற பெயர்கள் அவற்றில் இருந்தன. 60 முனை கொண்ட 'பல விளையாட்டு' கேசட்டுகள் பூட்டில்லாத ஜப்பானிய அமைப்பின் நேர் வாரிசுகள். பி.ஏ.எல். நகலில் மரியோவும் கான்ட்ராவும் ஆடியவர்கள், அமெரிக்கச் சிறுவர்களை விட மெதுவான ஆட்டத்தையே ஆடினார்கள்.

பிற்கால வடிவங்கள்

1993-இல் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மறுவடிவமைப்புகள் வந்தன. அமெரிக்கக் கருவி மீண்டும் மேற்புறச் செருகலுக்கு மாறியது. பூட்டுச் சில்லு கைவிடப்பட்டது. ஆனால் பழைய பெட்டியில் இருந்த ஏ.வி. இணைப்பும் போய், ஆன்டெனா வழி மட்டுமே எஞ்சியது. ஜப்பானிய மறுவடிவமோ ஏ.வி. இணைப்பையும் கழற்றக்கூடிய கன்ட்ரோலர்களையும் பெற்று, மைக்கை இழந்தது.

பழைய கருவிகளைச் சேகரிப்போர் மின் இணைப்பில் கவனமாக இருக்க வேண்டும். மூல ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் நேர்மின்னோட்டம் தேவை, அமெரிக்க என்.ஈ.எஸ். அடாப்டர் தருவது 9 வோல்ட் மாறுமின்னோட்டம். அதை ஃபேமிகாமில் செருகினால் கருவி பழுதாகிவிடும்.

மதிப்பீடு

நிண்டெண்டோ உலகெங்கும் விற்ற கருவிகள் 6.19 கோடி, அவற்றில் 1.93 கோடி ஜப்பானிலும் 3.4 கோடி அமெரிக்கக் கண்டங்களிலும் விற்றவை. நகல்கள் இக்கணக்கில் சேராதவை. ஒரே பெயர் கொண்ட விளையாட்டு வட்டாரந்தோறும் வேறு வேகத்திலும் வேறு இசையிலும் வேறு உருவங்களோடும் ஆடப்பட்டது என்பதால், எந்த ஒரு வடிவத்தையும் முழுமையான மூலமாகக் கொள்ள இயலாது. அக்கால விளையாட்டுகளை ஆவணப்படுத்துவோர் கேசட்டின் நிரலோடு, அது ஓடிய கருவியின் வட்டாரத்தையும் தொலைக்காட்சி முறையையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும். நகல் கருவிகளும் அந்தப் பதிவில் இடம்பெற வேண்டும். ஜப்பானில் இக்கருவியின் உற்பத்தி 2003 வரை நீடித்தது. நிண்டெண்டோ 2007 அக்டோபரோடு அதன் பழுதுபார்ப்புச் சேவையை நிறுத்திக்கொண்டது.