‘ஓல்டு மாஸ்டர்’ என்பவர் யார்?

நம் இல்லங்கள் பலவற்றில் சாப்பாட்டு அறைச் சுவரை அணி செய்வது இயேசுவின் இறுதி இராவுணவுப் படம். இதன் மூல ஓவியத்தை ஏறத்தாழ 1495-க்கும் 1498-க்கும் இடையில் லியொனார்தோ தா வின்சி, மிலான் நகரில் சாமிநாதர் சபை மடத்து உணவறைச் சுவரில் தீட்டினார். இவரைப் போன்ற ஓவியர்களை மேல்நாட்டார் ‘ஓல்டு மாஸ்டர்’ என்பர். அச்சொல்லின் பொருளைச் சற்று ஆராய்வோம்.

‘ஓல்டு’ என்பது ஓவியரின் வயதைக் குறிப்பதன்று. புகழ்பெற்ற ராபேல் 37 வயதிலேயே மறைந்தார். ஏறக்குறைய 1800-க்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்த சிறந்த ஓவியர் என்பதே பொருள். இதுவும் கண்டிப்பான எல்லையன்று. 1828-ல் இறந்த ஸ்பெயின் நாட்டுக் கோயாவையும் இவ்வரிசையில் சேர்ப்பதுண்டு.

‘மாஸ்டர்’ என்ற சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. அக்காலத்தில் பல நகரங்களில் ஓவியர்களுக்குச் சங்கம் இருந்தது. ஓவியரின் பாதுகாவலர் புனித லூக்காவின் பெயரையே பல சங்கங்கள் தாங்கின. தேவதாயின் திருவுருவை அவர் வரைந்தார் என்பது பழைய பாரம்பரியம். நம் பரங்கிமலைக் கோவிலிலுள்ள தேவதாயின் படத்தையும் அவர் வரைந்ததாகவே வழிவழியாகச் சொல்லி வருகிறோம். சிறுவன் ஒருவன் ஆசானிடம் சேர்ந்து, வர்ணம் அரைத்து, பலகை தயார் செய்து, தொழில் கற்பான். பின் கூலிக்கு வேலை செய்வான். சங்கம் அவனை ‘மாஸ்டர்’ என ஏற்ற பின்னரே தன் பெயரில் பட்டறை நடத்தவும் சீடரைச் சேர்க்கவும் உரிமை பெறுவான். இதற்காகச் சில நகரங்களில் மாதிரி வேலை ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். அதுவே ‘மாஸ்டர்பீஸ்’. ரூபன்ஸ் 1598-ல் ஆண்ட்வெர்ப் நகரச் சங்கத்தில் இவ்வுரிமை பெற்றார்.

பெண்களும் இல்லாமலில்லை. யூடித் லைஸ்டர் 1633-ல் ஹார்லெம் நகரச் சங்கத்தில் சேர்ந்தார். ஆயினும் அவர் படங்கள் பிற்காலத்தில் பிரான்ஸ் ஹால்ஸ் என்பவரின் கணக்கில் போயின. உண்மை 1893-ல்தான் வெளிப்பட்டது. பெயரே தெரியாதவர்களை, அவர்கள் தீட்டிய பீடத்தின் அல்லது ஊரின் பெயரால் ‘இன்ன பீடத்து மாஸ்டர்’ என்று இன்றும் அழைக்கின்றனர்.

இப்படங்களில் பல பலிபீடங்களுக்கென்றே பிறந்தவை. ராபேல் 1512-ஐ ஒட்டி, பியாச்சென்சா நகர ஆசீர்வாதப்பர் சபை மடத்துக் கோவிலுக்குத் தீட்டிய தேவதாய் படம், 1754-ல் விற்கப்பட்டு, இன்று டிரெஸ்டன் காட்சிசாலையில் உள்ளது. ரூபன்ஸ் தீட்டிய ‘சிலுவையிலிருந்து இறக்கப்படுதல்’ படத்தை 1794-ல் பிரெஞ்சுப் படையினர் பாரீசுக்குக் கொண்டுபோயினர். 1815-ல் அது மீண்டு வந்து, ஆண்ட்வெர்ப் பேராலயத்தில் இன்றும் இருக்கிறது. காட்சிசாலையில் நிற்பவர் ‘வரைந்தவர் யார்?’ என்று கேட்பார். பீடத்தின்முன் முழந்தாளிடுபவர் படத்திலுள்ளவரை நோக்கி மன்றாடுவார். இரண்டும் வேண்டியவையே.

நம் கோவில்களின் சுரூபங்களையும் படங்களையும் செய்த கைகள் எவையென நம்மில் எத்தனை பேர் அறிவோம்? முதியோர் நினைவில் இருக்கும்போதே அப்பெயர்களைக் கேட்டு, பங்கு ஏட்டில் குறித்து வைப்போம். நமக்குப் பின் வருவோருக்கு அது நல்ல ஜூபிலிக் காணிக்கையாகும்.