துருப்பிடித்த வேளாண் கருவிகளை நீர்-மணல் வீச்சால் தூய்மை செய்தல்: உடல்நலப் பாதுகாப்பு

மணல் வீச்சு (சாண்ட் பிளாஸ்டிங்) முன்பு பெரிய கம்ப்ரசர் உள்ள பட்டறைகளில் மட்டுமே செய்யப்பட்ட பணியாகும். பிரஷர் வாஷரில் பொருத்தக்கூடிய சிறிய மணல் வீச்சு இணைப்புகள் இப்போது கிடைப்பதால், கல்டிவேட்டர், ரோட்டவேட்டர், சேற்றுழவுக்குரிய கேஜ் வீல் போன்றவற்றின் துருவை உரிமையாளரே வீட்டு முற்றத்தில் நீக்கிவிட முடிகிறது. நீர் முனையின் வழியே மிகுந்த வேகத்தில் வெளியேறும்போது ஏற்படும் உறிஞ்சுவிசை, பக்கக் குழாய் வழியாக உலர்ந்த மணலை இழுத்து நீரோடு கலக்கிறது. அந்தக் கலவை இரும்பின் மீது மோதித் துருவையும் பழைய பெயின்டையும் உரித்தெடுக்கிறது.

நீர் கலந்திருப்பதால் இம்முறை தீங்கற்றது என்று பலர் கருதுகின்றனர். உலர் முறையைவிட இதில் தூசு பெரிதும் குறைவு என்பது உண்மையே; ஆயினும் தூசு அறவே இல்லாமல் போவதில்லை. மேலும், நீரின் அழுத்தமே தனியானதோர் ஆபத்தாக அமைகிறது.

மணலில் உள்ள சிலிகா

ஆற்று மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் எனப்படும் படிகச் சிலிகாவாகும். கருங்கல்லை உடைத்துச் செய்யப்படும் எம்-சாண்டிலும் குவார்ட்ஸ் உண்டு. மணல் துகள் இரும்பில் மோதி உடையும்போது, கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்கள் உண்டாகின்றன. 10 மைக்ரானுக்கும் சிறிய இத்துகள்களில் ஒரு பகுதி நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று தங்குகிறது. அவற்றை விழுங்கும் பாதுகாப்புச் செல்கள் தாமே அழிந்து, அவ்விடத்தில் அழற்சியும் தழும்பும் தோன்றுகின்றன. இந்நோயே சிலிகோசிஸ். தழும்பான நுரையீரலை முன்னைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ஆம் ஆண்டில் சுவாசத்தில் கலக்கும் படிகச் சிலிகாவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது.

ஆண்டுக்கு ஒருமுறை தம் கலப்பையை மட்டும் தூய்மை செய்பவருக்கும், ஊரிலுள்ள கருவிகளையெல்லாம் கூலிக்குத் தூய்மை செய்து தருபவருக்கும் ஆபத்தின் அளவு ஒன்றன்று. இரண்டாமவர் இப்பகுதியை மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டும்.

எளிய தீர்வு மணலையே தவிர்ப்பதாகும். பிரிட்டனில் வார்ப்பிரும்புப் பொருள்களை வீச்சு முறையில் தூய்மை செய்ய மணலைப் பயன்படுத்துவது 1949-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. கார்னெட், அலுமினியம் ஆக்சைடு, கண்ணாடித் தூள் ஆகியவை மாற்றாகப் பயன்படுகின்றன. வாங்கும்போது பையின் மீதுள்ள விவரத்தில் கட்டற்ற சிலிகா 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். உருக்காலைக் கசடுகளில் ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கக்கூடும் என்பதால், விலை குறைவு என்பதற்காக மட்டும் அவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டா.

எந்தத் துகளைப் பயன்படுத்தினாலும் முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது பாதுகாப்பாகாது. நுண்துகள் துணியின் இழைகளுக்கிடையே எளிதில் புகுந்துவிடும். எஃப்எஃப்பி2 அல்லது என்95 தரத்திலான முகக்கவசம் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது. கவசம் நனைந்தவுடன் மாற்றுங்கள்.

பணி முடிந்த பின் தரையில் எஞ்சும் சேறு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. அது காய்ந்ததும் மீண்டும் தூசாகிறது. மறுநாள் காலையில் விளக்குமாற்றால் முற்றத்தைப் பெருக்குபவர், முதல்நாள் கவசம் அணிந்து பணிபுரிந்தவரைவிடக் கூடுதலான தூசைச் சுவாசிக்க நேரிடலாம். தார்ப்பாயை விரித்து அதன்மேல் பணியைச் செய்து, சேறு ஈரமாக இருக்கும்போதே வாரி மூட்டையாகக் கட்டுங்கள்.

பழைய பெயின்டும் பூச்சிக்கொல்லி எச்சமும்

பழைய டிராக்டர்கள், டிரெயிலர்களின் அடிப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்-க்குள் வரையறுத்த 2016-ஆம் ஆண்டின் இந்திய விதிகள் வீட்டு, அலங்காரப் பெயின்டுகளுக்கு உரியவை. ஆகவே கருவி புதியது என்பதால் மட்டும் அதன் பெயின்டில் ஈயம் இல்லை என்று கொள்ள இயலாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் பணியிடத்தில் இருக்கக் கூடாது. சேற்றைக் கிணறு, வாய்க்கால், மாட்டுத்தொட்டி ஆகியவற்றின் அருகே விட வேண்டா. உடைகளைத் தனியே துவையுங்கள். மருந்து தெளிப்பான்களை முதலில் முறையாகக் கழுவி எச்சத்தை நீக்காமல் வீச்சுக்கு உட்படுத்தக் கூடாது.

தோலைத் துளைக்கும் நீர்

டிராக்டர் அல்லாத சாதாரணக் காரின் டயரில் ஏறத்தாழ 2 பார் அழுத்தம் இருக்கும். வீட்டுப் பயன்பாட்டுக்குரிய பிரஷர் வாஷரில் 100 பார் அல்லது அதற்கு மேலும் இருக்கும். இத்தகைய தாரை கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே செல்ல வல்லது. அடைத்துக்கொண்ட முனையை விரலால் தடவிப் பார்க்கும்போதும், கருவியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் வீசும்போதும் இது நேரக்கூடும்.

இக்காயத்தின் தோற்றம் ஏமாற்றக்கூடியது. வெளியே ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளி மட்டுமே தெரியும். தொடக்கத்தில் வலியும் குறைவாக இருக்கலாம். உள்ளே நீரும் மணலும் துருவும் தசைநாண் உறைகளின் வழியே விரலிலிருந்து உள்ளங்கை வரையிலும் பரவியிருக்கும். சில மணி நேரத்தில் வீக்கம் கூடி இரத்த ஓட்டம் தடைபடலாம். தாமதித்தால் விரலை இழக்கவும் நேரிடலாம். எனவே, புள்ளி சிறியது என்று கட்டுப்போட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். மோதிரத்தைக் கழற்றி, கையை உயர்த்திப் பிடித்து, காயத்தை அழுத்தாமலும் பிதுக்காமலும் தளர்வாக மூடுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் உணவும் நீரும் தவிர்த்து, 108 ஊர்தியை அழைத்து, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். “உயர் அழுத்தத் தாரை உள்ளே பாய்ந்துவிட்டது” என்ற சொற்களிலேயே மருத்துவரிடம் தெரிவியுங்கள். நேரத்தையும் கலந்திருந்த பொருளையும் கூறுங்கள்.

இதைத் தவிர்க்க, கருவியைக் கட்டையிலோ பிடியிலோ இறுக்கி வைத்து, இரு கைகளாலும் துப்பாக்கியைப் பிடியுங்கள். முனையைத் தொடுமுன் இயந்திரத்தை நிறுத்தி, விசையை அழுத்திக் குழாயில் எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றுங்கள்.

தெறிக்கும் துகள் கண்ணையும் தாக்கும். மூக்குக்கண்ணாடி போதாது, பக்கங்களை மூடும் கண்காப்பும் அதன்மேல் முகத்தடுப்பும் தேவை. கண்ணில் பதிந்த துகளை ஊசியாலோ துணி நுனியாலோ எடுக்க முயல வேண்டா.

துருவும் வில்வாத ஜன்னியும்

துரு குத்தினால் ஜன்னி வரும் என்பது பரவலான எண்ணம். துரு நோயை உண்டாக்குவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் வாழும் நுண்ணுயிரியே நோய்க்குக் காரணம்; உழவுக் கருவியில் அவை ஒட்டியிருப்பது இயல்பு. ஆகவே பளபளப்பான புதுக் கொழு கீறினாலும் ஆபத்து அதே அளவுதான். மண் படிந்த காயமானால், கடைசித் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தாலோ நினைவில் இல்லாவிட்டாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிடி தடுப்பூசி குறித்துக் கேளுங்கள்.

இயந்திரம்

பெட்ரோலில் இயங்கும் வாஷரைக் கொட்டகைக்குள் இயக்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. கதவு திறந்திருந்தாலும் அது தேங்கி உயிரைப் பறிக்கும். தலைவலியும் தலைசுற்றலும் தோன்றினால் உடனே வெளியேறுங்கள். மின்சார வாஷருக்கு நில இணைப்பும் 30 மில்லி ஆம்பியர் கசிவுமின் துண்டிப்பானும் கட்டாயம் இருக்க வேண்டும். இணைப்புக் கம்பியின் மூட்டு நீரில் கிடக்கக் கூடாது.

இப்பணியைத் தொழிலாகச் செய்பவருக்கு இருமலோ, நடக்கும்போது மூச்சிரைப்போ தோன்றினால் மருத்துவரை அணுக வேண்டும். சிலிகோசிஸ் பல ஆண்டுகள் அறிகுறியின்றி இருக்கக்கூடும். மார்பு எக்ஸ்-ரே படத்தில் காசநோயைப் போலத் தோன்றவும் கூடும். ஆதலால் எத்தனை ஆண்டுகளாக மணல் வீச்சுப் பணி செய்கிறீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே தெரிவித்து, அதனைச் சிகிச்சைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.