திறந்த ஸ்லாட்டும் திறந்த கடையும்: கிராஃபிக்ஸ் கார்டு மாற்றுவதன் வரலாறு

பழைய விளையாட்டுக் கணினி ஒன்றில் கிராஃபிக்ஸ் கார்டு பழுதாகும்போது அறிகுறிகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. திரையில் முதலில் கோடுகளும் புள்ளிகளும் தோன்றும். பின்னர் ஒருநாள் விசிறி சுழலும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுத்துக் கிடக்கும். உரிமையாளருக்கு அப்போது மூன்று வழிகள் உண்டு: பழுதான கார்டைச் சரிசெய்யலாம், அதே ஸ்லாட்டில் வேறொரு கார்டைப் பொருத்தலாம், அல்லது கணினி முழுவதையும் கழித்துவிடலாம். இந்திய நகரங்களில் பெரும்பாலோர் தேடுவது இரண்டாவது வழியையே. அந்த வழி இருப்பது இயல்பான ஒன்றாகத் தோன்றுகிறது. ஆனால் அதற்கு இரண்டு முன்நிபந்தனைகள் வேண்டும். ஒன்று, எந்த நிறுவனத்தின் கார்டையும் ஏற்கும் ஒரு திறந்த ஸ்லாட். மற்றொன்று, அந்த ஸ்லாட்டைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு கடைத்தெரு. இரண்டும் வரலாற்றில் உருவானவை. ஆகவே இரண்டும் இல்லாமற்போகவும் கூடும்.

முதல் நிபந்தனையின் கதை 1981 ஆகஸ்டில் தொடங்குகிறது. அப்போது வெளிவந்த ஐபிஎம் பிசியின் மதர்போர்டில் திரையை இயக்கும் சுற்று எதுவும் இல்லை. ஐந்து ஸ்லாட்டுகள் மட்டும் இருந்தன. வெறும் எழுத்துகள் போதும் என்பவர் ஒருவகைக் கார்டையும், வண்ணமும் வரைபடமும் வேண்டுபவர் மற்றொரு வகைக் கார்டையும் தனியே வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. திரைக்கான கார்டு கணினியிலிருந்து பிரிக்கத்தக்க ஒரு பொருள் என்ற எண்ணம் அந்த வடிவமைப்பிலேயே அடங்கியிருந்தது. இந்தக் கணினியின் சுற்று வரைபடங்களை ஐபிஎம் தன் தொழில்நுட்பக் கையேட்டில் வெளியிட்டது இதைவிட முக்கியமானது. எந்த நிறுவனமும் அந்த ஸ்லாட்டுக்குப் பொருந்தும் கார்டைத் தயாரிக்க முடிந்தது. விரைவிலேயே அதே வகைக் கணினிகளையும் பிறர் தயாரிக்கத் தொடங்கினர்.

இந்தத் திறப்பை மூடும் முயற்சியும் ஐபிஎம்மிடமிருந்தே வந்தது. 1987இல் தன் புதிய பிஎஸ்/2 வரிசையில் மைக்ரோ சேனல் என்ற ஸ்லாட்டை அது அறிமுகப்படுத்தியது. தொழில்நுட்பத்தில் அது மேலானதே. ஆனால் அதைப் பயன்படுத்த விரும்பும் பிற தயாரிப்பாளர்கள் ஐபிஎம்மிடம் உரிமம் பெற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும். பழைய கார்டுகளும் அதில் பொருந்தவில்லை. 1988இல் காம்பாக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடி, பழைய கார்டுகளையும் ஏற்கும் ஈசா என்ற மாற்று வடிவத்தை அறிவித்தன. ஈசா நீண்டகாலம் நிலைக்கவில்லை, மைக்ரோ சேனலும் நிலைக்கவில்லை. எனினும் அந்தப் போட்டி ஒன்றை உறுதிசெய்தது. தனியொரு நிறுவனம் கதவைப் பூட்டினால் சந்தை வேறு கதவைத் தேடும் என்பதே அது. 1992இல் வந்த பிசிஐ, 1997 முதல் கணினிகளில் இடம்பெற்ற ஏஜிபி, 2004இல் சந்தைக்கு வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் ஆகிய மூன்றும் பல தயாரிப்பாளர்கள் பின்பற்றிய பொது வடிவங்களாகவே பரவின.

ஏஜிபியிலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு மாறிய காலம் பல கணினிகளைத் தனித்தீவுகளாக்கியது. ஏஜிபி கார்டு பழுதானவருக்குப் புதிய கார்டு கிடைப்பது ஆண்டுக்காண்டு அரிதாயிற்று. ஏஜிபிக்குள்ளேயே 3.3 வோல்ட், 1.5 வோல்ட் என்ற வேறுபாடும் இருந்ததால், கார்டின் அடியிலுள்ள வெட்டுப்பள்ளத்தைப் பார்த்து வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸின் வரலாறு இதற்கு மாறானது. அதன் வேகம் தலைமுறைதோறும் இரட்டிப்பானபோதும் ஸ்லாட்டின் உருவம் மாறவில்லை. புதிய கார்டு பழைய ஸ்லாட்டில் அமரும். இரண்டில் எது மெதுவானதோ அதன் வேகத்தில் இரண்டும் பேசிக்கொள்ளும். பத்தாண்டு பழைய கணினிக்கு இன்றும் கார்டு தேட முடிவது இந்த ஒரு முடிவால்தான்.

இரண்டாம் நிபந்தனையான கடைத்தெரு இந்தியாவில் வேறொரு பாதையில் உருவாயிற்று. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் விதிகளை ஏற்க மறுத்து ஐபிஎம் 1978இல் இந்தியாவைவிட்டு வெளியேறியது. 1976இல் தொடங்கப்பட்ட எச்சிஎல் போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் அந்த வெற்றிடத்தில் வளர்ந்தன. இறக்குமதி உரிமங்களும் உயர்ந்த சுங்கவரியும் கணினியை அலுவலகப் பொருளாகவே வைத்திருந்தன. 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணினிக் கொள்கை இந்தக் கட்டுகளைத் தளர்த்தியது. 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தமும், தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக வர்த்தக அமைப்பின் உடன்பாட்டில் 1997இல் இந்தியா சேர்ந்ததும் இறக்குமதியை மேலும் எளிதாக்கின. 2005க்குள் அந்த உடன்பாட்டுக்குட்பட்ட பொருள்களின் சுங்கவரி நீங்கியது.

இந்தக் காலகட்டத்தில் தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, கொல்கத்தாவின் சாந்தினி சௌக், சென்னையின் ரிச்சி தெரு ஆகியவை கணினி உதிரிப்பாகச் சந்தைகளாகத் திரண்டன. அவற்றின் முதன்மைப் பொருள் 'அசெம்பிள்டு' கணினி. இச்சொல்லின் இந்தியப் பயன்பாடு கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் அது 'பொருத்தப்பட்டது' என்று மட்டுமே பொருள்படும். இந்தியப் பேச்சில் அது 'பிராண்டட்' என்பதற்கு எதிர்ச்சொல்லாகி, விலை மலிவையும், உத்தரவாதக் குறைவையும், எதையும் கழற்றி மாற்றலாம் என்ற உரிமையையும் ஒருசேரக் குறிக்கிறது. மின்வழங்கியை 'எஸ்எம்பிஎஸ்' என்றே அழைக்கும் வழக்கமும் இந்தக் கடைகளின் வழியே வீடுகளுக்குப் பரவியது.

இக்கடைகளின் நோயறியும் முறை எளிது. சந்தேகத்துக்குரிய கார்டைக் கழற்றிவிட்டு, நன்றாக இயங்குவதாகத் தெரிந்த கார்டு ஒன்றைப் பொருத்திப் பார்ப்பார்கள். திரை தெரிந்தால் பழுது கார்டில்; தெரியாவிட்டால் ரேம், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு எனத் தேடல் தொடரும். இதற்கு எந்தப் பாடநூலும் தேவையில்லை. ஆனால் கைவசம் பல தலைமுறைக் கார்டுகள் இருக்க வேண்டும். அந்த வகையில் பழைய பொருள்களின் குவியல்தான் கடையின் ஆய்வுக்கூடம்.

கார்டுகள் ஏன் பழுதாகின்றன என்பதற்கும் வரலாறு உண்டு. 2000களின் முற்பகுதியில் தரமற்ற மின்பகுபொருள் நிரப்பப்பட்ட கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் மதர்போர்டுகளிலும் கார்டுகளிலும் வீங்கி வெடித்தன. தலைப்பகுதி உப்பியிருப்பதைக் கண்ணாலேயே காணலாம். இரண்டு கம்பிகளை மட்டும் பற்றவைத்தால் சீராகிவிடும். அடுத்துவந்த பழுது கண்ணுக்குத் தெரியாதது. சிப்பின் சிலிக்கனை அதன் அடித்தளத்துடன் இணைக்கும் நுண்ணிய பற்றாசுக் குமிழ்கள் வெப்பத்தில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் காலப்போக்கில் விரிசல் காண்கின்றன. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம் தன் மடிக்கணினிச் சிப்புகள் சிலவற்றின் பொதிமப் பொருள்களில் குறை இருப்பதை ஒப்புக்கொண்டு, உத்தரவாதச் செலவுகளுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது.

இதே காலத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. வெள்ளீயமும் ஈயமும் கலந்த பழைய பற்றாசு 183 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்குப் பதிலாக வந்த ஈயமற்ற கலவை ஏறத்தாழ 217 டிகிரியில் உருகத் தொடங்கும். கார்டு பழுதானால் ஈயமற்ற பற்றாசே காரணம் என்ற நம்பிக்கை பரவியது. கார்டை அடுப்பில் வைத்துச் சூடாக்கும் வழக்கமும், சிப்பின் அடியிலுள்ள பற்றாசு உருண்டைகளை மாற்றும் 'ரீபாலிங்' தொழிலும் பெருகின. சூடாக்கிய கார்டு பல வேளைகளில் உயிர்த்தெழுந்தது. சில வாரங்களில் மீண்டும் இறந்தது. விரிசல் சிப்புக்கு உள்ளே இருந்தால் வெளியுருண்டைகளை மாற்றுவதால் பயனில்லை. தற்காலிகமாகப் பலித்த ஒரு முறை, தவறான விளக்கத்தை நெடுங்காலம் நிலைநிறுத்தியது. கைவினை அறிவைப் போற்றும் எந்த வரலாறும் அதன் இத்தகைய எல்லைகளையும் பதிவுசெய்ய வேண்டும்.

மாற்றுக் கார்டு கிடைப்பதையும் தொலைதூர நிகழ்வுகளே தீர்மானித்தன. 2017இலும், பின்னர் 2020 முதல் 2022 வரையிலும், மெய்நிகர் நாணயங்களை உருவாக்கக் கார்டுகள் மொத்தமாக வாங்கப்பட்டன. விலை எட்டாத உயரத்துக்குச் சென்றது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் இயக்கமுறையை மாற்றியதும் அதற்குக் கார்டுகள் தேவையற்றுப்போயின. இரவுபகலாக உழைத்துக் களைத்த அந்தக் கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. வாங்குபவருக்கு விலை குறைந்தது, ஐயம் கூடியது.

இன்று ஸ்லாட் திறந்தே இருக்கிறது. தடைகள் அதைச் சுற்றி எழுகின்றன. ஸ்லாட் தரக்கூடிய மின்திறன் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமெனில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 6 முள் இணைப்பு 75 வாட்டும், 8 முள் இணைப்பு 150 வாட்டும் தரும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அவை இல்லாமலிருக்கலாம். பழைய பயோஸ் கொண்ட சில மதர்போர்டுகள் யுஇஎஃப்ஐ காலத்துக் கார்டுகளுடன் திரையே காட்டுவதில்லை. 2022 ஜனவரியில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவுப் பிரிவுக் கார்டு. ஆனால் அது நான்கே தரவுத் தடங்களைப் பயன்படுத்துவதால், மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் அதன் திறன் கணிசமாகக் குறைகிறது. பழைய கணினி வைத்திருப்பவர் வாங்கக்கூடிய விலையில் வந்த கார்டு, பழைய கணினியில்தான் அதிகம் தடுமாறுகிறது.

கார்டு கெடாமலே காலாவதியாவதும் உண்டு. என்விடியா தன் கெப்ளர் தலைமுறை மேசைக்கணினிக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை 2021இல் நிறுத்தியது. 2022 டிசம்பரில் வந்த கூடா 12 அந்தத் தலைமுறையைக் கைவிட்டது. இது விளையாட்டாளர்களின் சிக்கல் மட்டுமன்று. 2012இல் படிமங்களை அடையாளம் காணும் போட்டியில் வென்று ஆழ்கற்றல் காலத்தைத் தொடங்கிவைத்த அலெக்ஸ்நெட், இரண்டு ஜிடிஎக்ஸ் 580 விளையாட்டுக் கார்டுகளில் பயிற்றுவிக்கப்பட்டது. ஆய்வுக்கூட நிதியில்லாத மாணவருக்கு, மொழித்தரவுகளைக் கொண்டு ஒரு சிறு மாதிரியைப் பயிற்றுவிக்க வீட்டிலுள்ள விளையாட்டுக் கணினியே கருவி. அதன் கார்டை மாற்ற முடியுமா என்ற கேள்வி, யார் ஆய்வில் பங்குபெறலாம் என்ற கேள்வியும் ஆகும்.

இதன் மறுமுனை தில்லியின் சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் இருக்கிறது. கழிக்கப்பட்ட சுற்றுப்பலகைகள் அங்கே உடைக்கப்பட்டும் எரிக்கப்பட்டும் அமிலத்தில் கரைக்கப்பட்டும் உலோகம் பிரிக்கப்படுகின்றன. நச்சு தொழிலாளர் உடலில் சேர்கிறது. 2011, 2016, 2022 ஆண்டுகளின் மின்னணுக்கழிவு விதிகள் தயாரிப்பாளரின் பொறுப்பை வரையறுத்துள்ளன. 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்த நுகர்வோர் விவகாரத் துறை, வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை முதலில் அடையாளம் கண்டது. மேசைக்கணினி அப்பட்டியலில் தனியே இடம்பெறவில்லை. திறந்த ஸ்லாட் உள்ளதால் அதற்கு உரிமை தேவையில்லை என்று தோன்றியிருக்கலாம். ஆனால் ஸ்லாட் தரும் உரிமையை டிரைவரும் பயோஸும் இயங்குதளமும் திரும்பப் பெற முடியும் என்பதை மேற்கண்ட நிகழ்வுகள் காட்டுகின்றன.

இந்தியக் கணினி வரலாறு பெரும்பாலும் மென்பொருள் ஏற்றுமதியின் வரலாறாகவும் பெருநிறுவனங்களின் வரலாறாகவும் எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் கார்டு எந்த மதர்போர்டில் ஓடும், எந்தத் தலைமுறை எதனால் சாகும் என்ற அறிவை முப்பதாண்டுகளாகச் சேர்த்துவைத்த கடைக்காரர்களுக்கு அதில் இடம் மிகக் குறைவு. அவர்களுடைய அறிவு ரசீதுகளிலும் இழுப்பறைகளிலும் நினைவிலும் மட்டுமே இருக்கிறது. கடைகள் இணைய விற்பனைக்கு வழிவிட்டு மூடப்படுகையில் அது பதிவின்றி மறைகிறது. வாய்மொழி வரலாற்று ஆய்வாளர்கள் நேரு பிளேஸுக்கும் எஸ்.பி. சாலைக்கும் செல்ல வேண்டிய காலம் இது. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வியும் எளியதே: திரை கறுத்த ஒரு கணினியை யாராவது கொண்டுவந்தால், முதலில் எதைக் கழற்றுவீர்கள், ஏன்?