பத்தாவது தடவை "வெஸ்ட்" என்று எழுதினால்...

உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும் ஒரு சின்ன வரலாறு.

பைதன் பழகும் பிள்ளைகள் பலர் ஆரம்பத்திலேயே எழுத்தாலான ஒரு விளையாட்டைச் செய்து பார்ப்பார்கள். "வடக்கே போ" என்று தட்டினால் அடுத்த அறை வரும். அத்தோடு நிரல் முடிந்துவிடும். இரண்டாவது கட்டளையை யார் கேட்பது? அந்த இடத்திலேயே "எனக்கு இது சரிவராது" என்று மூடி வைக்கிற பிள்ளைகளும் உண்டு.

இது பழைய கேள்வி. 1970களின் நடுப்பகுதியில் வில் க்ரௌதர் என்ற அமெரிக்கர், இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டில் வேலை செய்தவர், கென்டக்கியின் மாமத் குகைத் தொகுதியில் இறங்கி வரைபடம் தயாரித்தவர். விவாகரத்துக்குப் பின் தன் மகள்மார் விளையாடுவதற்காக, அந்தக் குகையை வைத்து ஃபோர்ட்ரான் மொழியில் "அட்வென்ச்சர்" என்ற விளையாட்டை எழுதினார். 1977இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டொன் வூட்ஸ் அதை விரிவாக்கினார். படமில்லை, சத்தமில்லை. ஓரிரு சொல்லில் கட்டளை மட்டும்.

உள்ளே நடப்பது இதுதான்: கட்டளையை வாங்கு, பிரித்துப் பார், செய், பதில் சொல், திரும்பவும் மேலே போ. வகுப்பில் "மீள்செயல்" என்று படிப்பிக்கிறோமே, அதுதான். பைதனில் "வைல் ட்ரூ" என்பதற்குள் "இன்புட்"டை வையுங்கள். "க்விட்" என்று வந்தால் மட்டும் "பிரேக்".

அதைவிட அழகு, ஒரே கட்டளை திரும்பத் திரும்ப வரும்போது அந்த விளையாட்டு நடந்துகொண்ட விதம். பத்தாவது தடவையும் "வெஸ்ட்" என்று முழுதாக எழுதினால், விரும்பினால் "டபிள்யூ" மட்டும் எழுதலாம் என்று சொல்லித்தரும். "லுக்" என்று கேட்டால், இதைவிட விபரம் தர அனுமதியில்லை, மன்னிக்கவும் என்று கூறி, இடத்தின் முழு விபரத்தையும் மறுபடி காட்டும். மூன்று தடவைக்குப் பின் மன்னிப்பு வராது, விபரம் மட்டும் வரும். விளங்காத சொல்லுக்கும் பதில்கள் மாறி மாறி வரும்.

தடவைகளை எண்ண ஒரு மாறி போதும். "வெஸ்ட்" என்று வரும் ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கூட்டி, பத்தானதும் குறிப்பைக் காட்டினால் சரி. பிள்ளைகளே, இன்றைக்கே உங்கள் விளையாட்டில் சேர்த்துப் பாருங்கள்.

பெற்றோரே, "கேம்தானே" என்று ஏசாதீர்கள். பாடம் அதற்குள்ளேதான் இருக்கிறது. ஒரே விஷயத்தைப் பத்துத் தடவை கேட்கிற பிள்ளைக்கு ஏச்சு வேண்டாம், சுருக்கு வழியைச் சொல்லிக்கொடுங்கள். இது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும்தான்.