செவி கேளாப் பிள்ளையும் தமிழ் நெடுங்கணக்கும்

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறள், கேள்விக்கெனத் தனியே 42ஆம் அதிகாரத்தையும் வகுத்தது. ஆசிரியர் சொல்ல, மாணாக்கர் கேட்டுத் திருப்பிச் சொல்வதே நம் கல்வி மரபாகும். மலாக்காவின் ரப்பர்த் தோட்டங்களில் எழுந்த தமிழ்ப் பள்ளிகளிலும் அம்மரபே தொடர்ந்தது. அலோர் காஜாவிலும் ஜாசினிலும் பிள்ளைகள் ஒருமித்த குரலில் நெடுங்கணக்கு பயின்றபோது, செவி கேளாப் பிள்ளைக்கு அங்கே இடம் ஏது?

1954ஆம் ஆண்டு பினாங்கில் காது கேளாதோர்க்கான கூட்டரசுப் பள்ளி தோன்றியது. மலாக்காப் பிள்ளை தம்பினில் ரயிலேறிப் பிறையில் இறங்கி, நீரிணையைப் படகில் கடந்து, தஞ்சோங் பூங்கா விடுதியில் தங்கிப் பயில வேண்டும். அங்குக் கையாளப்பட்டது வாய்மொழி முறை. உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை அறிதல் வேண்டும். கைச்சைகைக்கு வகுப்பில் இடமில்லை. 1880இல் மிலான் மாநாடு செய்த தீர்மானத்தின் நீண்ட நிழல் அது. சிறிது செவிப்புலன் எஞ்சியோர்க்கு அம்முறை பயன்பட்டிருக்கலாம். ஆயினும், 'படம்' என்றாலும் 'மடம்' என்றாலும் உதடு காட்டுவது ஒரே அசைவுதான். ஏட்டிலோ இரண்டும் வேறு வேறு. செவி கேளாப் பிள்ளைக்கு எழுத்தைப் போல் ஐயந்தீர்க்கும் துணை வேறில்லை.

அவ்வெழுத்தும் தொடக்கத்தில் ஆங்கிலமாகவும் பின்னர் மலாயாகவும் அமைந்தது. தமிழ் மட்டுமே அறிந்த தோட்டத்துத் தாய் தன் பிள்ளையின் கடிதத்தைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்கும் நிலையே ஏற்பட்டது. தமிழில் இக்கல்வி இயலாதது அன்று. பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி கண்டார். யாழ்ப்பாணத்துக் கைதடியில் 1956இல் நவீல்ட் பள்ளி எழுந்தது. மலாயாவில் மட்டும் அவ்வழி திறக்கவில்லை.

விடுதிப் பிள்ளைகள் வாளா இருக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் தங்களுக்குள் கைகளால் பேசினர். அதுவே பினாங்குச் சைகைமொழியாக வளர்ந்தது. கையசைவில் கதையைக் கண்டு சுவைத்த பிள்ளையே அதனை ஏட்டிலும் தேடும். இதனைக் கல்வித்துறை உணரக் காலம் பிடித்தது. 1970களின் பிற்பகுதியில்தான் பேச்சு, சைகை, எழுத்து மூன்றையும் இணைக்கும் முறை வகுப்பறைக்குள் நுழைந்தது. 2008ஆம் ஆண்டுச் சட்டம் மலேசியச் சைகைமொழியை ஏற்றது. மிலான் தீர்மானத்தை 2010இல் வான்கூவர் மாநாடு தள்ளியது. அதற்குள் தஞ்சோங் பூங்காவின் முதல் மாணாக்கர்கள் அறுபது வயதைக் கடந்திருந்தனர்.