முதுமையியல் கல்வியும் தோட்டப்புற முதியோரும்: ஒரு வரலாற்று நோக்கு

முதுமை குறித்த கொள்கைச் சிந்தனை நாடுகளுக்கிடையே பரிமாறப்பட்ட வரலாற்றில் 1982ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டு வியன்னாவில் ஐக்கிய நாட்டு நிறுவனம் கூட்டிய முதல் உலக முதுமை மாநாடு, 62 பரிந்துரைகள் அடங்கிய அனைத்துலகச் செயல்திட்டத்தை ஏற்றது. முதியோருக்குப் பணியாற்றுவோரைப் பயிற்றுவித்தலும் அவற்றுள் இடம்பெற்றது. இதன் தொடர்ச்சியாக, 1987இல் மால்டா அரசுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின்படி, 1988இல் அந்நாட்டில் அனைத்துலக முதுமை நிறுவனம் திறக்கப்பட்டது. வளரும் நாட்டினர் அங்குப் பயிற்சி பெறலாயினர்.

மலேசியா 1995இல் தேசிய முதியோர் கொள்கையை வகுத்தது. 2011இல் அதனைத் திருத்தியது. மாட்ரிட்டில் இரண்டாம் உலக மாநாடு நிகழ்ந்த 2002ஆம் ஆண்டிலேயே, புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகத்தில் முதுமையியல் கழகம் நிறுவப்பட்டது. வியன்னாவில் பேசப்பட்ட கருத்து இருபதே ஆண்டுகளில் நம் நாட்டு உயர்கல்விக்குள் இடம்பிடித்தது எனலாம்.

எனினும், கொள்கைகள் எல்லை கடந்து வருகையில் அவற்றுள் பொதிந்த எடுகோள்களும் உடன் வருகின்றன. முதியோர் தாம் வாழ்ந்த இடத்திலேயே முதுமையைக் கழிக்க வேண்டும் என்னும் கோட்பாடு, அவர்களுக்கு நிலையான வீடு உண்டு என்பதை முன்னதாகவே ஏற்றுக்கொள்கிறது. தோட்டத் தொழிலாளரின் நிலையோ வேறு. லயத்து வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகளுள் ஒருவரேனும் அத்தோட்டத்தில் வேலை செய்தாலன்றி, வீட்டையும் இழக்க நேர்ந்தது. 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலும், பின்னர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதும் இந்நிலையை மேலும் கடுமையாக்கின. துண்டாடலை எதிர்கொள்ளத் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் பங்குப் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது. இதனைத் தொழிலாளர் வரலாறாகவே பயில்கிறோம். முதுமைக்காலப் பாதுகாப்பின் வரலாறாகவும் பயில வேண்டும் என்பது நம் கருத்தாகும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் நலமான முதுமையை நோயின்மையாக அன்றி, ஒருவர் தாம் மதிக்கும் வாழ்வை வாழ்வதற்கான செயலாற்றலாக வரையறுத்தது. அச்செயலாற்றலில் சூழலுக்கும் பங்குண்டு என்றது. வீட்டை இழந்த முதியவரின் அனுபவம் இவ்வரையறைக்கு நேரடியாகப் பொருந்துவதாகும்.

2021 முதல் 2030 வரையிலான காலத்தை நலமான முதுமைக்கான பத்தாண்டாக ஐக்கிய நாட்டு நிறுவனம் அறிவித்துள்ளது. பரிமாற்றம் என்பது பெறுவது மட்டுமன்று; கொடுப்பதுமாகும். துண்டாடலை நேரில் கண்டவர்களே இன்று முதியவர்கள். அவர்தம் சான்றுகளை இப்பொழுதே பதிவு செய்து பாடமாக்கினாலன்றி, உலகிற்கு நாம் கொடுக்கத்தக்க பாடம் அவர்களோடு மறைந்துவிடும்.